கிண்ணத்தின் ஒலியும் மருத்துவரின் சீட்டும்

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் பிள்ளை இருக்கிற பெங்களூரு வீடுகளில் ஒரு புதுக் கேள்வி எழத் தொடங்கியிருக்கிறது: “மாத்திரையை விட்டுட்டு சவுண்ட் ஹீலிங்குக்குப் போகட்டுமா?”

நகரில் பல இடங்களில் இந்த அமர்வுகள் நடக்கின்றன. பாயில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். உலோகக் கிண்ணத்தின் விளிம்பில் மரக்கட்டையைச் சுற்றித் தேய்ப்பார்கள். ‘காங்’ என்னும் பெரிய தட்டை மெல்லத் தட்டுவார்கள். ரீங்காரம் தரை வழியே முதுகுக்கு ஏறும். முடிந்து எழும்போது உடம்பு லேசாக இருந்தது, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று போய்வந்த பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை.

எனவே அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: போகட்டும், ஆனால் மாத்திரையை விடாமல் போகட்டும். கச்சேரியில் தம்புரா இல்லாமல் பாட்டு சிறக்காது. அதற்காகப் பாடகர் எழுந்து போனபின் தம்புராவை மட்டும் மீட்டிக்கொண்டிருந்தால் அது கச்சேரி ஆகாது. மனநல ஆலோசனையில் ஒலி அதிர்வின் இடமும் அவ்வளவுதான்.

ஏன் அங்கே போகிறார்கள்?

ஓசூர் சாலையில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் இன்னும் நம்மை விடவில்லை. ‘சவுண்ட் ஹீலிங்’ வகுப்புக்குப் போனால் அந்தப் பயம் இல்லை. யாரும் ‘பைத்தியம்’ என்று சொல்லப்போவதில்லை. நிமான்ஸ் ஒருங்கிணைத்து நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு வாழ்வதாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை உரிய சிகிச்சை பெறவில்லை என்றும் சொன்னது. அந்த இடைவெளியில்தான் ஒலி அமர்வுகள் வந்து அமர்ந்திருக்கின்றன. அவற்றில் கலந்துகொள்கிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தேடுவது நிம்மதி. அதைத் தேடும் வழியில் ஏமாறாமலும் ஆபத்தில் சிக்காமலும் இருக்கத் தெரிந்திருந்தால் போதும்.

ஆராய்ச்சி எதுவரை சொல்கிறது?

ஒலியின் அதிர்வு உடலைத் தொடும் என்பது நமக்குப் புதிதல்ல. தாய் மார்பில் சாய்ந்து தாலாட்டு கேட்கும் குழந்தை பாட்டோடு சேர்த்து நெஞ்சுக்கூட்டின் அதிர்வையும் வாங்கிக்கொள்கிறது.

இதை மூளைப் படத்தில் பார்க்க முயன்ற ஆய்வொன்று பெங்களூருவிலேயே நடந்தது. நிமான்ஸ் ஆய்வாளர்கள் 12 பேரை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ‘ஓம்’ என உரக்க உச்சரிக்கச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஒலியை எழுப்பச் சொன்னார்கள். ‘ஓம்’ சொல்லும்போது அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட, உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. ‘ஸ்ஸ்ஸ்’ சொல்லும்போது அப்படித் தணியவில்லை. காதைச் சுற்றி உணரப்படும் அதிர்வு வேகஸ் நரம்பின் கிளையைத் தூண்டுவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2011-இல் இந்த ஆய்வு வெளியானது.

இனி இதன் எல்லையைப் பாருங்கள். 12 பேரும் நலமாக இருந்தவர்கள், நோயாளிகள் அல்லர். ஆய்வாளர்களே இதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். ஓம் சொன்னால் மனச்சோர்வு குணமாகும் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. கிண்ண ஒலியை வைத்து அமெரிக்காவில் 62 பேரிடம் நடந்த ஆய்விலும் அமர்வுக்குப் பிறகு பதற்றமும் சோர்வும் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்ததே காரணமா, கிண்ணமா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பயிற்சி பெற்ற நிபுணர் நடத்தும் இசைச் சிகிச்சைக்குச் சான்று இதைவிட வலுவானது. 9 ஆய்வுகளையும் 421 பேரையும் உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மனச்சோர்வுக்கான வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் குறுகிய காலத்தில் கூடுதல் பலன் கிடைப்பதாகக் கண்டது. ‘சேரும்போது’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

நிமான்ஸில் யோகாவையும் ஆயுர்வேதத்தையும் நவீன மனநல மருத்துவத்தோடு இணைத்துத் தரும் ஒருங்கிணைந்த மருத்துவத் துறை இருக்கிறது. இசையும் மூளையும் பற்றி ஆராயும் ஆய்வகமும் இருக்கிறது. துணைச் சிகிச்சைகளுக்குக் கதவை மூடாத அந்த நிறுவனத்திலும் துணை என்பது துணையாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கிண்ணம் பெரும்பாலும் யாரையும் கெடுப்பதில்லை. கிண்ணத்தை நம்பி நிறுத்திய மாத்திரைதான் கெடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம். இருமுனைக் கோளாறுக்கான லித்தியத்தைச் சட்டென விட்டால் நோய் வேகத்தோடு திரும்பலாம். சில தூக்க மாத்திரைகளையும் வலிப்பு மாத்திரைகளையும் திடீரென விட்டால் வலிப்பே வரலாம். மருந்தைக் குறைக்க வேண்டுமானால் எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒலியாலேயே சங்கடம் வரக்கூடியவர்களும் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஒலியே வலிப்பைத் தூண்டும். காதில் இரைச்சல் கேட்பவர்களுக்கும் சிறு சத்தமும் தாங்காதவர்களுக்கும் காங்கின் ஓசை வேதனையாகலாம். கொடுமையை அனுபவித்து மீண்டவர்களுக்கு, கண்ணை மூடி அந்நியர்களிடையே படுத்திருக்கும்போது பழைய பயம் திரும்பலாம். காதில் குரல் கேட்பவர்களுக்கும் தீவிர மனக்கிளர்ச்சியில் இருப்பவர்களுக்கும் நீண்ட நேரத் தியான அமர்வு நிலைமையை மோசமாக்கலாம். பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும், அதிர்வு மெத்தையில் படுக்கும் முன்பும் உடல்மீது கிண்ணம் வைக்கச் சம்மதிக்கும் முன்பும் மருத்துவரைக் கேட்பது நல்லது. வீட்டில் ஹெட்போனில் கேட்பவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் அளவை நினைவில் வையுங்கள்: 80 டெசிபல் ஒலி என்றால் வாரத்துக்கு 40 மணி நேரமே பாதுகாப்பான எல்லை.

சில அறிகுறிகள் தென்பட்டால் எந்த அமர்வுக்கும் முன்னால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசுவது, நாள்கணக்கில் தூங்காமல் சுறுசுறுப்பாக இருப்பது, சாப்பாட்டை அறவே விடுவது, இல்லாத குரல் கேட்பது, பிரசவத்துக்குப் பின் தாய் குழந்தையிடமிருந்து விலகுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

ஏர்வாடி கற்றுத்தந்த பாடம்

நிம்மதி தேடிப் போன இடத்தில் சிகிச்சையும் கண்காணிப்பும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை. நம்பிக்கைக்குப் பக்கத்தில் மருத்துவமும் சட்டத்தின் கண்ணும் இல்லாததுதான் கொன்றது. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே ‘தவா – துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற பெயரில் அரசு மனநலச் சேவை தொடங்கப்பட்டது. வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் மருத்துவரும் இருக்கிறார். கிண்ண ஒலிக்கும் நாம் பின்பற்ற வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

யாரிடம் போகிறோம்?

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒழுங்குபடுத்த 2021-இல் வேறொரு சட்டம் வந்திருக்கிறது. சில நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர் நல்ல மனிதராக இருக்கலாம், நன்றாகக் கிண்ணம் வாசிக்கலாம். ஆனால் உங்களுக்கு என்ன நோய் என்று சொல்வதும் மருந்தை மாற்றுவதும் அவர் வேலை அல்ல.

சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 18 அரசு நடத்தும் அல்லது நிதி தரும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அட்டை இல்லாவிட்டாலும், அது இலவசம். பிரிவு 23 ரகசியம் காக்கும் உரிமை. பிரிவு 24-இன்படி, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையும் தகவலையும் அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது. பிரிவு 25 உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை. பிரிவு 5-இன்படி, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 அறவே தடைசெய்கிறது.

நாள்கணக்கில் தங்கவைத்து நடத்தும் முகாம்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மனநோய் உள்ளவர்களைச் சிகிச்சைக்காகவோ பராமரிப்புக்காகவோ தங்கவைக்கும் இடம், என்ன பெயர் வைத்துக்கொண்டாலும், மனநல நிலையமாகப் பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை போகும்.

விளம்பரத்துக்கும் கடிவாளம் உண்டு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம், அற்புத ஆற்றல் உள்ளதாகச் சொல்லப்படும் தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றை ‘மாய சிகிச்சை’ என்று வரையறுக்கிறது. வலிப்பு, மூளை நோய்கள், மனநோய் முதலியவற்றை இவற்றால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். ‘இந்த அதிர்வெண்ணின் தெய்வீக சக்தி மனநோயை வேரோடு எடுக்கும்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் சான்றுகளைச் சேருங்கள்: ரசீது, யு.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம், பாதிப்புக்குப் பின் பார்த்த மருத்துவரின் சீட்டு.

பணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி சேவை தராவிட்டாலோ, பொய் வாக்குறுதியால் பாதிப்பு நேர்ந்தாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

மனநல நிலையத்தில் குறை நேர்ந்தால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 28 காட்டும் படிகள் மூன்று: முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவர், அடுத்து மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். அமர்வில் தகாத முறையில் தொட்டாலோ மிரட்டினாலோ அது குற்ற வழக்கு. நேராக 112-ஐ அழையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• உங்கள் பயிற்சி என்ன, எங்கே, எவ்வளவு காலம்?
• என் மருத்துவரோடு பேசச் சம்மதிப்பீர்களா?
• யார் யாருக்கு இது வேண்டாம் என்று சொல்வீர்கள்?
• நடுவில் எழுந்து போகலாமா? போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?
• என்னைத் தொடுவீர்களா? படம் எடுப்பீர்களா?

‘எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஏற்றது’ என்று பதில் வந்தால் அங்கே போக வேண்டாம். ‘மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.

ஆலோசனைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு டெலி மானஸ் இருக்கிறது: 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, நிமான்ஸ் வழிநடத்தும் இலவச சேவை. நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நேரில் போக விரும்புவோருக்கு பி.டி.எம். லேஅவுட்டில் நிமான்ஸின் நல்வாழ்வு மையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி வாசலைக் கண்டு தயங்குகிறவர்களுக்கு அது எளிய முதல் படி.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ‘அதெல்லாம் ஏமாற்று வேலை’ என்று அம்மா சீறினால், அவன் சொல்லாமல் போவான். சொல்லாமலே மாத்திரையையும் விடுவான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அங்க போனா உனக்கு நிம்மதியா இருக்குன்னா போப்பா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. வந்ததும் சாப்பிட்டுட்டு ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கோ. நான் எடுத்து வெச்சிருக்கேன்.”