‘யார் பெரியவர்?’ என்ற கேள்விக்கு ஆன செலவு

ஆலங்குளத்திலிருந்து பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று போய் ஆரியங்காவு கணவாயைத் தாண்டிவிட்டால், கால்பந்துப் பித்து தலைக்கேறிய ஒரு மாநிலம் தொடங்குகிறது. 2022 உலகக் கோப்பைச் சமயத்தில் கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கட்-அவுட் வைத்தார்கள். நெய்மார் ரசிகர்கள் விடுவார்களா, பக்கத்திலேயே அதைவிட உயரமாக ஒன்றை நிறுத்தினார்கள். அடுத்து ரொனால்டோவும் வந்து நின்றார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கணவாய்க்கு இந்தப் பக்கம் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும்தான் கூட்டம் என்றாலும், மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற வாக்குவாதம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் புதிதல்ல. ரசிகர்கள் அடித்துக்கொள்வதால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆட்டத்தின் ருசியில் அதுவும் ஒரு பகுதி. ஆனால், ஆள் எடுக்கப் போகிற கிளப் நிர்வாகமும் அதே கேள்வியோடு போவதுதான் பிரச்சினை. ‘யார் பெரியவர்’ என்று கேட்பவர்களுக்கு ‘நம் அணியில் எந்த வேலைக்கு ஆள் இல்லை’ என்று கேட்கத் தோன்றுவதில்லை. பெரிய விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரங்கள் சோபிக்காமல் போன கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான சாட்சி 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல் என்ற இந்தியக் கால்பந்து லீக். ஒவ்வொரு அணியும் உலகப் புகழ் பெற்ற ஒருவரை முகமாக வைத்துக்கொண்டு களமிறங்கியது. டெல்லிக்கு இத்தாலியின் டெல் பியரோ, புனேவுக்கு பிரான்ஸின் ட்ரெஸெகே, கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், மும்பைக்கு ஸ்வீடனின் லுங்பெர்க். சென்னையின் எஃப்சிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் மாட்டராஸி வந்தார். 2006 பெர்லின் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவர்தான். அன்றைய பெனால்டி உதைகளில் டெல் பியரோவும் மாட்டராஸியும் கோல் அடித்தார்கள், ட்ரெஸெகே உதைத்தது மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உலகக் கோப்பையின் தலைவிதியை எழுதிய மூன்று பேர் எட்டு வருடம் கழித்து இந்திய மண்ணில், மூன்று வெவ்வேறு அணிகளில்! விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? மைதானத்துக் கணக்கு வேறாக இருந்தது. டெல் பியரோ 10 ஆட்டங்களில் ஒரு கோல். ட்ரெஸெகே 9 ஆட்டங்களில் 2. பிரெஸ் 8 ஆட்டங்களில் ஒன்று. லுங்பெர்க் 4 ஆட்டங்களோடு சரி, கோலே இல்லை. பிரெஸுக்கு அப்போது வயது 40, ஆட்டத்தை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. லுங்பெர்க் 2012லேயே ஓய்வு பெற்றவர். இவர்களைக் குறை சொல்வது அநியாயம். வாரத்துக்கு ஓர் ஆட்டத்துக்கும் மேல், சென்னையிலும் கோவாவிலும் அடிக்கிற அந்தப் புழுக்கத்தில், நாற்பதை நெருங்கும் உடம்பு எவ்வளவுதான் ஓடும்? அவர்கள் 1998லும் 2006லும் ஆடிய ஆட்டத்தை 2014இல் விலைக்குக் கேட்டவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் லீக்குக்கு யார் வந்திருப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் சீசனில் மைதானங்கள் நிரம்பியதில் அந்த முகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, ஒரு புதுப் போட்டியை மக்கள் கண்ணில் நிறுத்த அது தேவையாகவும் இருந்தது. அப்படியானால் அதை விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்ளட்டும், அணி கட்டிய செலவு என்று எழுதக் கூடாது. இரண்டையும் ஒரே பையிலிருந்து எடுத்ததால்தான் குழப்பம் வந்தது. இன்னொரு மறுப்பு எலானோ. அதே 2014இல் சென்னைக்கு வந்த அந்த பிரேசில் ஆட்டக்காரர் 8 கோல் அடித்து, போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். பெயரும் பெரிது, பலனும் கிடைத்ததே? கிடைத்தது. ஏனென்றால் அவரிடம் சென்னை எதிர்பார்த்தது ஓட்டத்தை அல்ல, நின்ற பந்தை. ஃப்ரீ கிக்கும் பெனால்டியும் வயதானாலும் காலைவிட்டுப் போகாத கலைகள். அணிக்குத் தேவையான வேலையும் ஆளிடம் இருந்த திறமையும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

அடுத்த சீசனில் சென்னை கோப்பையை வென்றது. 2015 டிசம்பர் 20 அன்று ஃபதோர்தாவில் கோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டம், தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்து கடைசி மூச்சில் 3-2 ஆக்கியது. அந்த மூன்றாவது கோலை அடித்தவர் ஸ்டீவன் மெண்டோசா. கொலம்பியாவைச் சேர்ந்த 23 வயதுப் பையன், இந்தியாவுக்கு வந்தபோது பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தப் போட்டியில் 13 கோல் அவருடையவை. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டம் இன்னும் தெளிவான பாடம். எதிரே பெங்களூரு எஃப்சி, லீக் பட்டியலில் சென்னையைவிட எட்டுப் புள்ளி மேலே. முன்னணியில் சுனில் சேத்ரியும் வெனிசுலாவின் மிக்குவும், அந்த சீசனில் எல்லாரையும் நடுங்க வைத்த ஜோடி. ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டுவிட்டார். பிறகு நடந்தது என்ன? கார்னர் பந்து இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் மைல்சன் ஆல்வெஸ் என்ற பின்வரிசை ஆட்டக்காரர் எகிறி முட்டி வலைக்குள் அனுப்பினார். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ போட்டார். 3-2, சென்னைக்கு இரண்டாவது கோப்பை. ஜான் கிரிகோரி பயிற்சி கொடுத்த அந்த அணியில் சுவரொட்டியில் போடும்படியான முகம் ஒன்றுகூட இல்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் அந்த சீசனில் நடுக்களத்தைக் காத்தார். ஒவ்வொருவருக்கும் தன் வேலை என்னவென்று தெரிந்திருந்தது.

பணமே இல்லாத நாட்டில்தான் இப்படி, ஐரோப்பாவில் கோடிகளைக் கொட்டினால் கோப்பை வரும் என்று நினைப்பவர்கள் பார்சிலோனாவின் கதையைப் பார்க்கலாம். 2017 ஆகஸ்டில் பாரிஸ் கிளப் 22.2 கோடி யூரோ கட்டி நெய்மாரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை அது, கட்டினால் தடுக்க முடியாது. கையில் பணம், மனதில் அவமானம், எதிரில் ரியல் மாட்ரிட். இந்த மூன்றும் சேர்ந்த நிலையில் சந்தைக்குப் போனால் விற்கிறவன் விலையை ஏற்றாமல் என்ன செய்வான்? அந்த மாதமே 10.5 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்து உஸ்மான் டெம்பெலேயை எடுத்தார்கள். 2018 ஜனவரியில் கூட்டின்ஹோவுக்காக 16 கோடி யூரோ வரை போகக்கூடிய ஒப்பந்தத்தை லிவர்பூலோடு போட்டார்கள். கூட்டின்ஹோ மோசமான ஆட்டக்காரரா? இல்லவே இல்லை. இடது பக்கத்திலிருந்து உள்ளே வந்து, எதிரணியின் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் கிடைக்கிற இடத்தில் பந்தை வாங்கி, வலது காலால் தூரத்திலிருந்து அடிப்பது அவருடைய பலம். பார்சிலோனாவில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உலாவிக்கொண்டிருந்தார், அவர் பெயர் மெஸ்ஸி. ஒரே வாசலில் இரண்டு பேர் நின்றதால் கூட்டின்ஹோ ஓரத்துக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. லிவர்பூலோ அந்தக் காலத்தில் தங்களுக்கு ஓட்டையாக இருந்த இடங்களைப் பார்த்து ஆள் எடுத்தது. பின்வரிசைக்கு வான் டைக், கோலுக்கு அலிசன். 2019இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அதே பார்சிலோனாவை 4-0 என்று புரட்டிப்போட்டுக் கோப்பையையும் வென்றார்கள்.

ஒரு வருடம் கழித்து நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. கூட்டின்ஹோவை பயர்ன் மியூனிக்குக்கு இரவலாகக் கொடுத்துவிட்டது பார்சிலோனா. 2020 ஆகஸ்ட் 14, லிஸ்பன், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, எதிரே அதே பார்சிலோனா. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஒரு கோலுக்குப் பந்து கொடுத்தார், பிறகு இரண்டு கோல் தானே அடித்தார். பயர்ன் 8, பார்சிலோனா 2. அவரை இரவலாகக் கொடுத்த கிளப்பின் வலையில்தான் அந்த இரண்டும் விழுந்தன. டெம்பெலே கதை இதற்கும் மேலே. பார்சிலோனாவில் ஆறு வருடம், அதில் நீண்ட காலம் காயமும் சிகிச்சையும். ‘வீணாய்ப் போன காசு’ என்று அவரை எழுதித் தள்ளினார்கள். 2023இல் பாரிஸுக்குப் போனார். அங்கே ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி, எதிரணியை முதலில் துரத்துகிற வேலையைக் கொடுத்தார் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே. 2025 மே 31 அன்று பாரிஸ் 5-0 என்று இன்டரை வென்று முதல் முறையாக சாம்பியன்ஸ் லீகைக் கைப்பற்றியது, அந்த வருட பாலோன் தோர் விருது டெம்பெலேக்குப் போனது. மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் ஒன்றாக ஆடிய இரண்டு சீசனிலும் அதே பாரிஸ் கடைசி பதினாறைத் தாண்டவில்லை. மூவரும் போன பிறகுதான் கோப்பை வந்தது.

எல்லாத் தோல்விக்கும் நிர்வாகமே காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். காயம் என்று ஒன்று இருக்கிறது. நம் தென்கோடியிலேயே அதற்கு வலிக்கிற சான்று உண்டு. குமரிக் கடற்கரையில் தூத்தூரை ஒட்டிய இரவிபுத்தன்துறை மீனவக் கிராமத்திலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி எஃப்சியில் வெளிச்சத்துக்கு வந்து, 2018இல் ஜாம்ஷெட்பூருக்கும், அடுத்த வருடம் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார். முன்னால் ஆடிப் பழகிய அவரை ஏடிகே இடது ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடவிட்டது. அதையும் கற்றுக்கொண்டார், அணி 2020இல் கோப்பையை வென்றது. 2020 நவம்பர் 20, புது சீசனின் முதல் ஆட்டம், எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் அத்தோடு முடிந்தது. பழைய வேகத்துக்கு அவர் திரும்பி வர முடியவில்லை என்பதை வைத்து அவரையும் தோற்றவர்கள் பட்டியலில் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. முதல் சீசனில் அந்த இடமாற்றம் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தது. வேலையும் ஆளும் பொருந்திய இடத்தில் விதி குறுக்கே வந்தது வேறு, பொருந்தாத இடத்தில் ஆளைக் கொண்டுபோய்த் திணித்தது வேறு. ரியல் மாட்ரிட்டின் ஹசார்ட் 76 ஆட்டங்களில் 7 கோலோடு முடிந்ததிலும் கணுக்கால் காயத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

போன இடத்தில் சோபிக்காதவர் சிறியவர் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு சேத்ரியைவிட வேறு ஆள் வேண்டாம். 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரோடு ஒப்பந்தம் போடத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று பிரிட்டன் வேலை அனுமதி கொடுக்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனார், லீக்கில் ஓர் ஆட்டம்கூட இறக்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங், அங்கே இரண்டாம் அணியில் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். மூன்று கதவும் மூடின. 2013இல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு எஃப்சி அவரைச் சுற்றியே அணியைக் கட்டியது, முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம். ஆண்கள் கால்பந்தில் நாட்டுக்காக அடித்த கோல் எண்ணிக்கையில் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி டாய் ஆகியோருக்கு அடுத்தபடியாக அவர் பெயர் இருக்கிறது.

ஆக, போட்டி மனப்பான்மையே கூடாது என்பதல்ல என் வாதம். அது களத்தில் இருக்க வேண்டியது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023இல் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். நாலு வருடத்துக்கும் மேலாகப் பரம எதிரியான மோகன் பகானை வெல்ல முடியாமல் தலைகுனிந்திருந்த கிளப் அது. ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை, சால்ட் லேக் மைதானம். அறுபதாவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தை வாங்கினார், மறித்தவரைத் தாண்டி உள்ளே வெட்டினார், தூரத்துக் கம்பத்தைப் பார்த்து வளைத்து அடித்தார். 1-0. மைதானமே வெடித்தது. ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஓரத்தில் தைரியமாக ஆளைத் தாண்டுகிற ஒருவர் வேண்டியிருந்தது, அதைத் தெரிந்து எடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் சூப்பர் கோப்பையில் மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தியபோதும் ஒரு கோல் அவருடையது, கோப்பையும் வந்தது.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது. பொருந்துகிற ஆட்களை மலிவாகச் சேர்த்து அணி கட்டினால் மட்டும் அது நிலைக்குமா? 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி நிலைக்கவில்லை. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய அந்த அணியைச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் செதுக்கினார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்த பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் வென்றார்கள். உடனே கலையத் தொடங்கியது. எட்வின் சென்னையின் எஃப்சிக்கு, மான்சி ஜப்பானுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியின் பெயரே இல்லை. இந்தியாவில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்த பிறகே அணி மாறுகிறார்கள், அப்போது பழைய கிளப்புக்கு இடமாற்றத் தொகையாக ஒரு பைசாகூட வராது. நாடு விட்டு நாடு போகும் இடமாற்றங்களில் ஃபிஃபா விதி, தொகையில் ஐந்து சதவீதத்தை அந்த ஆட்டக்காரரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. தொகையே இல்லையென்றால் ஐந்து சதவீதமும் இல்லை. சிறிய கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களோடு மூன்று நான்கு வருட ஒப்பந்தம் போடவும், பெரிய கிளப்புகள் அந்த ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து வாங்கவும் பழகினால்தான் தூத்தூரில் மணலில் ஆடுகிற பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த உள்ளூர் கிளப்புக்கு ஏதாவது திரும்பிப் போகும். தென்காசி, நெல்லைப் பக்கம் அப்படி ஒரு கிளப் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கப்போவதும், வளர்த்த பிள்ளை போனால் கிளப்புக்கு என்ன வரும் என்பதைத்தான்.