பழுதான டியூப் லைட்டைக் குப்பையில் போடலாமா? அந்தமானில் கூடுதல் கவனம் ஏன்?

ஸ்ரீ விஜயபுரம்: எல்இடி விளக்குகளுக்கு மாறும்போது கழற்றப்படும் பழைய டியூப் லைட்டுகளையும் சிஎஃப்எல் விளக்குகளையும் என்ன செய்வது? பெருநிலத்திலேயே முழுமையாகத் தீராத இந்தக் கேள்வி, சென்னையிலிருந்து கடல் வழியே சுமார் 1,200 கி.மீ. தொலைவிலுள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மேலும் கடினமாகிறது.

இவ்விளக்குகள் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உள்ளது. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிர்களை வெளியிட, குழலின் உட்புறம் பூசப்பட்ட வெண்பொடி அவற்றை வெளிச்சமாக மாற்றுகிறது. விளக்கு பழுதானாலும் பாதரசம் உள்ளேயே இருக்கும். கண்ணாடி உடைந்தால் வெளியேறும்.

ஒரு விளக்கில் உள்ள அளவு மிகச் சிறியதே. ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே குப்பைமேட்டில் நொறுங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெறும் இத்தீவுகளில், குப்பைமேட்டிலிருந்து வழியும் நீருக்குக் கடல் தொலைவில் இல்லை. நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீன்களைப் பெரிய மீன்கள் உண்ணும்தோறும் அதன் செறிவு கூடுகிறது. மீனை அன்றாடம் உண்ணும் தீவு மக்களுக்கு இது தட்டுவரை வரும் ஆபத்து. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நரம்பு நோய்க்கு இத்தகைய நச்சு மீன்களே காரணம். எனினும், அங்கே பாதரசம் வந்தது விளக்குகளிலிருந்து அல்ல, இரசாயன ஆலைக் கழிவிலிருந்து.

மறுசுழற்சி ஆலைகளில் விளக்குகள் மூடிய இயந்திரத்தில் நொறுக்கப்பட்டு, கண்ணாடி, அலுமினிய முனைகள், வெண்பொடி ஆகியவை தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. பொடியைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பாதரசம் மீட்கப்படுகிறது. இத்தகைய வசதிகள் பெரும்பாலும் பெருநிலத்திலேயே உள்ளன. எனவே தீவுகளில் சேரும் விளக்குகள் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத்தை உடையாமல் தாங்க வேண்டும். இடம் மிச்சமாகும் என்று உடைத்து மூட்டை கட்டினால், மீட்க வேண்டிய பாதரசம் கப்பலேறும் முன்பே காற்றில் கலந்துவிடும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பாதரச விளக்குகளின் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைக்கின்றன. விதி தெளிவாகவே உள்ளது. ஆனால் ஸ்வராஜ் தீவின் விடுதி ஒன்றில் கழற்றப்படும் விளக்கு முதலில் ஸ்ரீ விஜயபுரத்துக்கும், பின்னர் பெருநிலத்துக்குமாக இருமுறை கப்பலேற வேண்டும். அந்தச் செலவையும் உழைப்பையும் யார் ஏற்பது என்பதில்தான் நடைமுறை தங்கியுள்ளது.

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், இவ்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்த 2023-இல் ஜெனீவாவில் முடிவு செய்தன. இப்போது எரிந்துகொண்டிருக்கும் விளக்குகள் அதன் பிறகும் கழிவாக வந்துகொண்டிருக்கும்.

அதுவரை வீடுகளில் செய்யக்கூடியது எளிது. புதிய விளக்கு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பாதுகாத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படைக்கலாம். கைதவறி உடைந்தால் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, 10 முதல் 15 நிமிடம் அறையை விட்டு வெளியேற வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவது பொடியைப் பரப்பும். கையுறை அணிந்து, தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, எஞ்சிய தூளை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, அனைத்தையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூட வேண்டும்.