விந்தணுவை நிறுத்தும் ஆண் ஹார்மோன்

1889இல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற 72 வயது உடலியல் அறிஞர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். ஆனால் விரைகள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சேமித்து வைப்பதில்லை. அது நீரில் சரியாகக் கரைவதுமில்லை. அவருக்குத் தெம்பளித்தது நம்பிக்கையாகத்தான் இருக்க வேண்டும். அசல் டெஸ்டோஸ்டிரோன் 1935இல்தான் காளை விரைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

அதை அப்படியே விழுங்கினால் பயனில்லை. குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் அங்கேயே சிதைந்துவிடும். அதனால் எண்ணெயில் கலந்து தசையில் ஊசியாகப் போடுகிறார்கள். மருந்து சிறுகச் சிறுக ரத்தத்தில் கசியும். மாத்திரையாகவே வேண்டும் என்று மூலக்கூறை மாற்றியமைத்தபோது கல்லீரல்தான் விலை கொடுத்தது: மஞ்சள்காமாலை, ரத்தம் தேங்கிய பைகள், கட்டிகள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்ட வீரர் பென் ஜான்சனின் தங்கத்தைப் பறித்த ஸ்டானசலால் இந்த வகைதான்.

பலர் அறியாத சிக்கல் வேறொன்று. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இருப்பதைக் கண்டதும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். கிடங்கு நிறைந்திருக்கும்போது ஆலையை ஓட்டுவானேன்? ஆனால் விந்தணு உருவாக, விரைக்குள் ரத்தத்தைவிடப் பல மடங்கு ஹார்மோன் வேண்டும். ஊசி அதை ஈடுகட்டாது. விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு அறவே நின்றுபோனது. ஜிம்மில் யாரோ தரும் ஊசியைப் போட்டுக்கொள்ளும் இளைஞரிடம் இதைச் சொல்வார் யார்?

விரைகளோ பிட்யூட்டரியோ பழுதானவர்களுக்கு இது அருமையான மருந்து, சந்தேகமில்லை. அவர்களுக்கும் கண்காணிப்பு தேவை. ரத்தச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகலாம். புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் தூண்டிவிடலாம். இதய ஆபத்துள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கூடுதலாகத் தென்பட்டன.

பிட்யூட்டரி கோளாறுள்ளவர் குழந்தை வேண்டும் என்றால், மருத்துவர் டெஸ்டோஸ்டிரோனை ஒதுக்கிவிட்டு எச்சிஜி போன்ற ஊசிகளைத் தருவார். அவை பிட்யூட்டரியின் உத்தரவுக்கு மாற்றாக நின்று விரைகளையே வேலை செய்ய வைக்கும்.