பனி இளவரசியின் பிறந்த நாள்

காஞ்சியை அடுத்த ஐயம்பேட்டையில் மார்கழியிலும் பனிமழை பொழிவதில்லை. ஆயினும் 2013-இல் வெளியான 'ஃப்ரோசன்' திரைப்படத்தின் இளவரசி அங்குள்ள சிறுமியர் உள்ளத்திலும் குடிபுகுந்துவிட்டாள். பிறந்த நாளுக்கு நீல அங்கியும் அடுக்குக் கேக்கும் கேட்பது குழந்தை, கடன்படுவது தந்தை. தறிக்கு வாங்கிய முன்பணமே தீராத இல்லத்தில் இது சிறு செய்தியன்று. அதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளவும் நமக்கு மனம் வருவதில்லை.

பனி நம் வீட்டிலேயே இருக்கிறது. சென்ற கிறிஸ்மஸ் குடிலுக்குப் பரப்பிய பஞ்சுதான் அது. அன்னையின் பழைய நீலப் புடவை அங்கியாகும். தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவிய இடியாப்பக் குவியல் பனிமலையாகவே தோன்றும். (கேக்கைவிட விரைவில் கரைந்துவிடும் மலை!)

விருந்தில் கூற ஒரு மெய்யான இளவரசியின் வரலாறும் உண்டு. ஹங்கேரி மன்னரின் மகளாக 1207-இல் பிறந்த புனித எலிசபெத்து, 1226-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அரண்மனைக் களஞ்சியத்தை ஏழைகளுக்குத் திறந்துவிட்டார். குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் போர்வைக்குள் மறைத்து எடுத்துச் சென்ற அப்பங்கள், கணவர் விலக்கிப் பார்த்தபோது ரோஜா மலர்களாயின என்பது மரபுக் கதை. 24-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்த அவருடைய திருநாள் நவம்பர் 17.

கதை முடிந்ததும் நம் இளவரசி தன் போர்வைக்குள்ளிருந்து பன்களை எடுத்து வழங்கட்டும். முதல் பன், பக்கத்து வீட்டில் நூல் சுற்றும் பாட்டிக்கு. பஞ்சின் அருகே மெழுகுவர்த்தி வேண்டா. அதைப் பத்திரமாகச் சுருட்டி வைத்தால் வரும் குடிலுக்கும் உதவும்.