நம் மூச்சும் பிறர் மூச்சும்



செம்பரம்பாக்கத்தைத் தொட்டு மேற்கே போகும் நெடுஞ்சாலை காஞ்சிபுரத்தை அடைகிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் திரிபிடகத்துக்கு உரை எழுதிய புத்தகோசர், காஞ்சியில் ஜோதிபாலரோடு வாழ்ந்ததாக அங்குத்தர நிகாய உரையின் முடிவில் குறிக்கிறார். ஆகவே பௌத்த தியானம் நமக்கு வெளியூர்ச் சரக்கல்ல. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956இல் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் தம்மம் ஏற்றதும் இழந்ததை மீட்ட செயல்கள்.

தியானத்தின் அடிப்படை மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆம் சுத்தமான சதிபட்டானத்தில் உள்ளது. உடல், நுகர்ச்சி, சித்தம், தம்மம் என்னும் நான்கையும் விழிப்போடு நோக்குவதே சதி. அது மூச்சிலிருந்து தொடங்குகிறது. இங்கே மூச்சை அடக்குவதில்லை. நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகியதைக் குறுகியதென்றும் அறிகிறோம். இதற்குப் புத்தர் காட்டும் உவமை, கடைசல் வேலைக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் முன் நிற்கும் டர்னருக்கு இது உடனே விளங்கும். உவமை உழைப்பவரின் கையிலிருந்து வருகிறது.

அடுத்து, தலைமயிர் முதல் சிறுநீர் வரை உடலின் பகுதிகளை ஒவ்வொன்றாக நோக்கச் சொல்கிறது. பிறகு மண், நீர், தீ, காற்று எனப் பிரித்துக் காணச் சொல்கிறது. அதற்கு உவமை, நாற்சந்தியில் மாட்டைக் கூறுபோட்டு வைத்திருக்கும் இறைச்சிக்காரர். இப்படிப் பார்த்தால் தூய உடல் எது, தீட்டு உடல் எது? புல்லிலும் பறவையிலும் இனவேறுபாட்டு அடையாளம் உண்டு; மனிதரின் மயிரிலோ காதிலோ கண்ணிலோ இல்லை என்கிறது வாசெட்ட சுத்தம். சாதி நம் உடலைப் பற்றிச் சொன்ன பொய்யை நம் உடலையே நோக்கி உடைக்கிறோம்.

ஆனால் கண்மூடி அமர்வதோடு இது முடிவதில்லை. உடலை அகத்திலும் நோக்கு, புறத்திலும் நோக்கு என்கிறது சுத்தம். புறம் என்பது பிறர் உடல் என்று விளக்குகிறது பழைய உரை. அப்படியானால் சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுபவரின் மூச்சையும் நாம் அறிந்தாக வேண்டும். அங்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆபத்தை மூக்கு சொல்லாது. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறப்புகள் நிற்கவில்லை. அவரிடம் போய் ‘மூச்சைக் கவனி’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? அவர் மூச்சு நிற்காதபடி போராடுவதும் சதிதான்.

தினம் பத்து நிமிடம் அமர்வோம். சினம் வந்தால் சினம் என்று அறிவோம். அறிந்த சினம் நம்மை எரிக்காது. எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும்.

ஜெய் பீம்!