ஊர் கூடினாலும் தேர் நகர வேண்டுமே!

‘அறிமுகப் பகுதியை யார் எழுதுறீங்க?’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி விழும். சற்று நேரத்தில் எல்லாரும் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி தெரியும். பதில் மட்டும் வராது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான் இதுவரை பத்துக்கும் மேற்பட்ட குழுப்பணிகளைச் செய்திருக்கிறேன். இந்த மௌனம் எட்டிப் பார்க்காத குழு ஒன்றுகூட இல்லை.

பதில் போடாதவரை ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், குழுவில் சேர்ந்தாலே மனிதர்களின் உழைப்பு குறையும் என்பது நூறாண்டுக்கு முன்பே அளந்து பார்க்கப்பட்ட விஷயம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்தார். 1913ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது சராசரியாக ஒருவரின் பங்கு, தனியாக இழுக்கும்போது இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோமே!

1981ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை உரக்கக் கத்த வைத்துச் சோதித்தார்கள். கூட்டத்தில் தங்கள் குரல் கரைந்துவிடும் என்று நினைத்தவர்கள் குரலைக் குறைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாக அளக்கப்படும் என்று தெரிந்தபோது, குழுவிலும் முழு மூச்சுடன் கத்தினார்கள். அதே மாணவர்கள்தான். யார் என்ன செய்தார் என்பது தெரியுமா, தெரியாதா என்பதுதான் வித்தியாசம்.

வேலை செய்யாதவரைப் பிடிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வேலை கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதிகம் இழப்பவர் சத்தமில்லாமல் உழைப்பவர்தான். சென்ற ஆண்டு உணவு விரயம் பற்றி நாங்கள் ஐந்து பேர் ஒரு திட்டப்பணி செய்தோம். உணவங்காடி நிலையத்தில் கடை கடையாக நின்று பேசி, கிடைத்த பதில்களையெல்லாம் கூகல் ஷீட்டில் ஏற்றி ஒழுங்குபடுத்தியவர் ஒரே நண்பர். மாலையில் பகுதிநேர வேலை முடித்துவிட்டு இரண்டு இரவுகள் அதற்காகக் கண்விழித்தார். ஆனால் ஸ்லைடுகளில் அவர் கை படவில்லை. வாட்ஸ்அப்பிலும் அதிகம் பேசமாட்டார். சக மாணவர் மதிப்பீடு முடிந்தபோது எங்கள் எல்லாரையும்விடக் குறைந்த கிரேடு அவருக்குத்தான். “விடு, பரவாயில்லை,” என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. இருவரும் விரிவுரையாளரிடம் போய் ஷீட்டின் திருத்த வரலாற்றைத் திறந்து காட்டினோம். இரவு ஒன்றரை மணிக்கும் அவர் பெயர்தான் இருந்தது. கிரேடு உயர்ந்தது. அந்தக் கோப்பு அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருந்திருந்தால் எதைக் காட்டியிருப்போம்?

குறைவாக மதிப்பிட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். நம் உழைப்பு நமக்குத் தெரிவதுபோல் அடுத்தவர் உழைப்பு தெரிவதில்லை. 1979ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியரைத் தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான தம்பதியரின் பதில்களைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகமாக வந்ததாம். ‘நான்தான் எல்லாம் செய்தேன்’ என்று புலம்புவதற்குமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு நான் சேரும் குழுக்களில் முதல் நாளே ஓர் அட்டவணை போட்டுவிடுகிறோம். வேலை, பெயர், தேதி. ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான். ‘எல்லாரும்’ என்று எழுத அனுமதியில்லை. ‘ஆய்வு செய்வது’ என்றும் எழுதுவதில்லை. ‘ஆறு கடைக்காரர்களின் பதில்கள், வெள்ளிக்கிழமைக்குள்’ என்று எழுதுகிறோம். முடிந்ததா இல்லையா என்று சண்டை போட அதில் இடமில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பேர் ஐந்து மூலையில் எழுதியதைக் கடைசி இரவில் ஒட்டுப்போடும் கதைதான்.

இன்னொரு பேச்சையும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது: யாருக்கு என்ன வேண்டும்? சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரிகளில் ‘புராஜெக்ட் வொர்க்’ பாடம் 2024ல் சேர்ந்த மாணவர்கள் முதல், தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டுமே மதிப்பிடப்படுகிறது. பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகளிலும் அது சேராது. ஆகவே ஒருவர் ‘தேர்ச்சி பெற்றால் போதும்’ என்று நினைக்கலாம். பக்கத்தில் இருப்பவர் அதில் முழு ஈடுபாட்டுடன் இருக்கலாம். இரண்டும் தப்பில்லை. அதை ஐந்தாவது வாரத்தில் கண்டுபிடிப்பதுதான் கசப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் காணாமல் போனால், குழுவில் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். தனியாக ஒரு போன் செய்யுங்கள். “ஏன் செய்யல?” என்பதைவிட “எங்க மாட்டிக்கிட்ட?” என்று கேட்டால் உண்மை வரும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். கொடுத்த வேலை புரியாமலே இருக்கலாம். இரண்டு முறை கேட்டும் அசைவில்லை என்றால் விரிவுரையாளரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். பருவத்தின் நடுவில் சொன்னால் அவரால் வேலையை மாற்றிப் பிரித்துத் தர முடியும். போகும்போது அந்த அட்டவணையையும் கையோடு கொண்டுபோங்கள்.