பெட்டியின் மூச்சொலி

நுழையும்முன்

வெறும் புட்டியின் வாயில் இதழைப் பொருத்தி மெல்ல ஊதினால் ஆழ்ந்த ஓசை பிறக்கிறது. வலிந்து ஊதினால் ஓசை மங்கிக் காற்றின் இரைச்சலே மிஞ்சுகிறது. மகிழுந்துகளில் பொருத்தப்படும் ஒலிபெருக்கிப் பெட்டியின் சிக்கலும் அதன் தீர்வும் இந்த எளிய உண்மையில் அடங்கியுள்ளன. தம் கையால் பெட்டி செய்வோர் அறிய வேண்டிய ஒலியியலை இப்பாடம் விளக்குகிறது.

சென்னையின் தென்புறத்தில், குரோம்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர் சிட்லபாக்கம். அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் மகிழுந்துக்குத் தாமே சப்வூஃபர் பெட்டி செய்வதாகக் கொள்வோம். அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் 10 அங்குல ஒலிபெருக்கியை வாங்குகிறார். தச்சுப்பட்டறையில் ஒட்டுப்பலகையை அறுத்துப் பெட்டி செய்கிறார். முகப்பில் துளையிட்டு ஒரு துண்டு பிவிசி குழாயைச் செருகுகிறார். இக்குழாயே ‘போர்ட்’ எனப்படும் காற்றுக்குழாய்.

பாடல் ஒலிக்கிறது. தாழ்ந்த தாளம் நெஞ்சில் அதிர்கிறது. ஆனால், ஒவ்வோர் அடிக்கும் ‘புஸ்’ என்றொரு சீற்றம் உடன் வருகிறது. ஒலியளவைக் கூட்டினால் சீற்றமும் கூடுகிறது. ஒலிபெருக்கி பழுது என்று எண்ணி, அதை மாற்ற அவர் முனைகிறார். உண்மையில் பழுது ஒலிபெருக்கியில் இல்லை; பெட்டி மூச்சுவிடும் வழிதான் குறுகியிருக்கிறது.

காற்றே வில், காற்றே எடை

பெட்டிக்குள் அடைபட்ட காற்று, அழுத்தினால் சுருங்கி விட்டால் விரியும் சுருள்வில்லைப் போன்றது. குழாய்க்குள் இருக்கும் காற்றோ அவ்வில்லில் கட்டப்பட்ட எடையைப் போன்றது. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மிகுதியாக ஊசலாடும். இதனை ஒத்ததிர்வு என்பர். செருமானிய அறிஞர் எர்மன் வான் எல்ம்ஹோல்ட்சு 19ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக ஆராய்ந்தார். நம் கடத்திலும் இதே இயல்பைக் காணலாம். கடக்கலைஞர் பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் அதன் தாழொலியை மாற்றுகிறார். வாயின் திறப்பு மாறும்போது ஒத்ததிர்வும் மாறுகிறது.

இக்கோட்பாட்டை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பயன்படுத்தி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். ஒலிபெருக்கிக் கூம்பின் பின்புறம் எழும் ஆற்றல் வீணாகாமல், குழாய்வழியே தாழொலியாக வெளிவர இவ்வமைப்பு உதவியது.

சீற்றம் எங்கிருந்து வருகிறது?

பெட்டி 35 ஹெர்ட்சுக்கு இசைவிக்கப்பட்டிருந்தால், அந்த அதிர்வெண்ணில் கூம்பு மிகக் குறைவாகவே அசையும். பெரும்பாலான ஒலியைக் குழாய்க் காற்றே எழுப்பும். ஒரு நொடியில் 35 முறை அக்காற்று உள்ளும் வெளியும் பாய்ந்து திரும்ப வேண்டும். வழி குறுகியதாயின் விரைவு மிகும். விரைந்து வரும் காற்று, குழாயின் கூரிய விளிம்பில் வளைய இயலாமல் பிய்ந்து சுழல்களாக உடைகிறது. அச்சுழல்களின் ஓசையே சீற்றம். ஏரி மதகு அகலத் திறந்திருக்கையில் நீர் அமைதியாகச் செல்வதும், சிறு இடுக்கில் நுரைத்து இரைவதும் இதற்கு ஒப்பாகும்.

குழாயில் காற்றின் உச்ச விரைவு, ஒலியின் விரைவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குள், அதாவது நொடிக்கு 17 மீட்டருக்குள், இருப்பது நல்லது என்பது பெட்டி செய்வோர் கைக்கொள்ளும் பொதுவிதி.

முதலில் நோய்முதல் நாடல்

எல்லாச் சீற்றமும் குழாயிலிருந்து வருவதன்று. பலகைகளின் இணைப்பில் பசை விட்டிருந்தாலும், கம்பி நுழையும் துளை அடைபடாதிருந்தாலும் காற்று கசிந்து சீறும். எனவே, ஒலியளவைக் குறைத்து வைத்து ஒரே அதிர்வெண் கொண்ட தாழொலியை இயக்க வேண்டும். பின்னர்க் குழாயின் வாயைத் துணியால் சற்று நேரம் அடைத்துக் கேட்க வேண்டும். சீற்றம் நின்றால் காரணம் குழாய். நில்லாமல் தொடர்ந்தால் கசிவு. இணைப்புகளின் அருகே ஊதுபத்தியைக் காட்டினால் புகையின் நடுக்கம் கசிவிடத்தைக் காட்டிவிடும்.

தீர்வும் அதன் விலையும்

முதன்மையான தீர்வு, குழாயின் பரப்பைப் பெருக்குவது. 75 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குப் பதிலாக 100 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்தினால் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகும். அதே அளவு காற்று செல்லும்போது, நொடிக்கு 25 மீட்டராக இருந்த விரைவு 14 மீட்டராகக் குறையும்.

ஆனால், விட்டத்தை மட்டும் மாற்றினால் பெட்டியின் இசைவு கெடும். அகன்ற வாய் இசைவு அதிர்வெண்ணை உயர்த்தும்; நீண்ட குழாய் அதனைத் தாழ்த்தும். ஆதலால், அகலத்தைக் கூட்டுவோர் நீளத்தையும் கூட்ட வேண்டும். 40 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியை 35 ஹெர்ட்சுக்கு இசைவிக்க, 75 மில்லிமீட்டர் குழாய் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கோ 41 சென்டிமீட்டர் வேண்டும். அந்நீண்ட குழாய் பெட்டிக்குள் 3 லிட்டருக்கு மேல் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பெட்டியை அந்த அளவு பெரிதாக்க வேண்டும். அமைதிக்கு இடமே விலை. மகிழுந்தின் பின்பகுதியில் கிடைக்கும் இடத்தை முன்பே அளந்து திட்டமிடுவது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

இரண்டாவது தீர்வு, விளிம்பை வளைப்பது. குழாயின் இரு வாய்களையும் ஊமத்தம்பூவின் வாய்போல் விரித்து அமைத்தால் காற்று பிய்யாமல் வழுக்கிச் செல்லும். வெளிவாயை மட்டும் வளைத்து உள்வாயைக் கூராக விடுவது பலரும் செய்யும் பிழை. காற்று இருபுறமும் பாய்வதால் இரு வாய்களுக்கும் வளைவு வேண்டும்.

மூன்றாவது, உள்வாய்க்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே குழாயின் விட்டத்தளவாவது இடைவெளி விடுவது. குழாயை மடக்க நேர்ந்தால் கூரிய முழங்கையைத் தவிர்த்து மென்வளைவைக் கொள்ள வேண்டும். நான்காவது, இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியைப் பெருக்கியிலுள்ள வடிகட்டியால் தடுப்பது. அவ்வொலியில் கூம்பு கட்டின்றி அசைந்து, காற்றைப் பயனின்றிக் குழாயில் தள்ளுகிறது. கூம்புக்கும் கேடு நேர்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஒலி மாசு விதிகள், 2000 வரையறுக்கும் அளவுகள்:
குடியிருப்புப் பகுதி – பகலில் 55 டெசிபல். இரவில் 45 டெசிபல்.
அமைதி மண்டலம் – பகலில் 50 டெசிபல். இரவில் 40 டெசிபல்.
இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

எவர் செவிக்கு?

தாழொலி சுவரையும் கதவையும் எளிதில் கடக்கும். உயரொலி நின்றுவிடும் இடத்திலும் தாழொலியின் அதிர்வு அடுத்த வீட்டுக் கட்டிலை எட்டும். சிட்லபாக்கத்தை ஒட்டிய தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக மருத்துவமனை உள்ளது. அங்கே மூச்சுக்காகப் போராடுவோரின் உறக்கத்தைச் சாலையில் செல்லும் ஒரு பெட்டியின் மூச்சு கலைத்துவிடலாகாது.

குறையுள்ள பெட்டியை உடையவர் தெளிவு வேண்டி ஒலியளவைக் கூட்டுகிறார். அதனால் இரைச்சலையே பெறுகிறார். அளந்து செய்த பெட்டியோ குறைந்த அளவிலும் தாளத்தின் ஆழத்தைத் தெளிவாகத் தருகிறது. ஒலிபெருக்கியைக் குறைகூறி மாற்ற நினைத்த இளைஞர், அளவுகோலை எடுத்துக் குழாயின் விட்டத்தைக் கணக்கிடத் தொடங்கும்போதே பெட்டியின் இரைச்சலுக்கு விடை கிடைத்துவிடுகிறது.